மன்றத்திலிருந்து மீண்டும் மடலுக்கு

சமூக ஊடகங்களின் பொதுமுற்றத்திலிருந்து பலர் இன்று ஓசையின்றி விலகி வருகின்றனர். கணக்கை மூடிவிடாதவர்களும் அங்கு எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, அறிந்த சிலரோடு மட்டும் மின்னஞ்சலிலும் சிறு குழுக்களிலும் உரையாட விரும்புகின்றனர். இதனைத் தனிமனிதரின் சலிப்பென்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், மனிதர் ஒருவரோடொருவர் பேசும் முறை மாறும்போது அம்மாற்றத்தின் அடியிலுள்ள பொருளியற் காரணத்தைத் தேடுதல் வரலாற்று மாணவரின் கடன்.

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற், 1969ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தில் இயங்கத் தொடங்கியது. தொலைவிலுள்ள கணினிகளின் ஆற்றலை ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். கடிதம் எழுதுவதற்காக எவரும் அதனை அமைக்கவில்லை. 1971இல் ரே ரொம்லின்சன் என்ற பொறியியலாளர், அவ்வலையமைப்பின் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் வழியைக் கண்டார். 1973இல் அதன் போக்குவரத்தில் முக்காற் பங்கு மின்னஞ்சலாயிருந்தது. போர்த்துறை பணம் கொடுத்த கருவியை மனிதர் தம் தேவைக்கேற்பக் கடிதக் கருவியாக்கிக்கொண்டனர். 1982இல் மின்னஞ்சல் அனுப்புவதற்கான பொதுவிதிகள் வெளியாயின. அவை எந்த நிறுவனத்தின் உடைமையுமல்ல. இன்றும் ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் முகவரிக்கு மடல் தடையின்றிச் செல்வது அதனாலேயே.

2004இல் ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவரிடையே தோன்றிய பேஸ்புக்கும் முதலில் அறிமுகமானோரின் வட்டமாகவே இருந்தது. 2006 செப்டெம்பரில், நண்பர்கள் செய்வன அனைத்தையும் ஒரே ஓடையாகக் கோத்துக் காட்டும் முறை புகுத்தப்பட்டது. இலட்சக்கணக்கானோர் எதிர்த்தனர், ஓடை நிற்கவில்லை. 2009இல் ‘விருப்பம்’ என்னும் பொத்தான் வந்தது. இந்நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்தே வருவதால், அங்கே விற்கப்படும் பண்டம் வாசகரின் கவனமாகும். கண் திரையில் நிற்கும் நேரம் கூடக் கூட இலாபமும் கூடும். 2017 முதல் சில காலம், கோபக்குறி உட்பட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண விருப்பத்தைவிட ஐந்து மடங்கு மதிப்பளிக்கப்பட்டதை 2021இல் வெளியான உள் ஆவணங்கள் காட்டின.

இத்தகைய ஓடையில் வெறுப்பும் பொய்யும் கலந்தால் நேர்வது யாதென்பதை நம் நாடு நேரிற் கண்டது. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் உணவுடன் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற பொய் பரவியது. மார்ச்சில் திகனயிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்நிகழ்வுகளில் தன் தளம் வகித்த பங்கிற்காக பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. இனவாதத்தை அந்நிறுவனம் படைத்ததென்று கூறுதல் பிழை. 1915இல் கண்டியில் தொடங்கிய கலவரத்திற்கு இணையம் தேவைப்படவில்லை. ஆயின் பழைய நஞ்சு விரைந்து பாய இங்கே புதியதொரு வாய்க்கால் கிடைத்தது.

பொதுமுற்றம் இவ்வாறானபின் நண்பர்கள் அங்கு எவ்வாறு நிலைப்பர்? 2019 மார்ச்சில் மார்க் சக்கர்பேர்க் தாமே, நகரச் சதுக்கத்தைவிட வீட்டு வரவேற்பறை போன்ற தனியுரையாடலே எதிர்காலத்தில் வளருமென அறிவித்தார். 2025 நவம்பரில் வெளியான அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்று, பேஸ்புக்கில் செலவாகும் நேரத்தில் 17 வீதமும் இன்ஸ்டகிராமில் 7 வீதமுமே நண்பர்களின் பதிவுகளைக் காண்பதில் கழிவதாகக் குறித்தது. மிகுதியிற் பெரும்பகுதியை அயலாரின் காணொளிகள் நிரப்பிவிட்டன.

நண்பர்களிற் பலர் வட்ஸ்அப்புக்குச் சென்றனர். அதனையும் பேஸ்புக் 2014இல் ஏறத்தாழ 1,900 கோடி டொலருக்கு வாங்கிவிட்டது. 2016 முதல் அதன் செய்திகளை அனுப்புவோரும் பெறுவோருமன்றிப் பிறர் படிக்க இயலாது. ஆயினும் அறை மாறினும் வீட்டுக்காரர் மாறவில்லை. தனியறை தன்னளவில் உண்மையைக் காப்பதுமில்லை. இந்தியாவில் வட்ஸ்அப் வதந்திகளை நம்பிய கும்பல்கள் மனிதரை அடித்துக் கொன்றபின், 2018இல் அங்கும் 2019 ஜனவரியில் உலகெங்கும் செய்திகளை முன்னனுப்புவதற்கு வரம்பிடப்பட்டது. பொதுமுற்றத்தில் ஒரு பொய்யை மறுக்க ஒருவரேனும் வரக்கூடும். மூடிய குழுவில் அவர் இல்லாமலே போகலாம்.

எனவே தனிமடலுக்குத் திரும்புவதை வரவேற்கும் நாம், எதற்காகத் திரும்புகிறோம் என்றும் கேட்டல் வேண்டும். 1846இல் மார்க்சும் ஏங்கெல்சும் பிரசெல்சில் ஒரு கடிதத் தொடர்புக் குழுவை அமைத்தனர். பல நாட்டுச் சமவுடைமையாளர் கடிதங்கள் வாயிலாக வாதிடவும் ஒருவரையொருவர் திருத்தவும் அது முயன்றது. அடுத்த ஆண்டில் கம்யூனிஸ்ட் கழகம் உருவாயிற்று. 1848இல் அதன் அறிக்கை உலகின் முன் வைக்கப்பட்டது. பொதுவாழ்விலிருந்து ஒதுங்குவதற்காக அவர்கள் கடிதம் எழுதவில்லை. பொதுவாழ்வில் உரைக்க வேண்டியதை முதலிற் கடிதத்தில் உரைத்துப் பார்த்தனர்.

ஆசிரியரும் மாணவரும் இதனை மனத்திற் கொள்ளல் தகும். ஆரவாரமற்ற மடலில் நிதானமாகச் சிந்திப்போம். கருத்து வேறுபாட்டை அங்கே நேர்மையாகத் தீர்க்கப் பழகுவோம். ஆயின் மன்றத்தை விளம்பரக்காரரிடமும் இனவாதிகளிடமும் விட்டுவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோமாயின், மற்றொரு திகன எரியும்போது நம் மடல்களால் எவருக்கும் பயனிராது.