கற்பனை நாடுகளில் சாவின் விலை

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே, 1978ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், றோய் ட்றப்ஷோ என்னும் மாணவர் ஒரு நாட்டைப் படைக்கத் தொடங்கினார். மண்ணும் நீரும் கொண்ட நாடன்று அது. சொற்களாலேயே ஆன நாடு. பல்கலைக்கழகக் கணினியோடு இணைந்த தட்டச்சுப் பலகையின் முன் அமர்ந்தவருக்கு, அவர் நிற்கும் இடம் இன்னது, அங்கிருந்து செல்லும் வழிகள் இன்னவை என்ற வருணனை எழுத்தில் தோன்றும். வடக்கே செல்லுமாறு கட்டளையிட்டால் அடுத்த இடத்தின் வருணனை வரும். இவ்வளவில் அது புதுமையன்று. தனியொருவர் ஆடத்தக்க இத்தகைய ஆட்டங்கள் அதற்கு முன்னரே இருந்தன. புதுமை யாதெனில், அதே வழியில், அதே வேளையில், வேறோர் அறையில் அமர்ந்திருக்கும் இன்னொரு மாணவரும் நிற்கக்கூடும் என்பதே. அவரோடு உரையாடலாம்; அவரோடு சேர்ந்து புதையல் தேடலாம்; வாளெடுத்து அவரைக் கொல்லவும் செய்யலாம்.

'மட்' என்னும் சுருக்கப் பெயரால் வழங்கிய அவ்வாட்டத்தை 1980இல் ட்றப்ஷோவிடமிருந்து ஏற்று வளர்த்தவர், அவருடைய நண்பர் றிச்சேட் பாட்டில். பல்கலைக்கழகப் பணிகள் ஓய்ந்த இரவு வேளைகளிலே வெளியாரும் தொலைபேசிக் கம்பி வழியாக அந்நாட்டினுள் புகுந்தனர். அங்கே சாவு இருவகைப்பட்டது. விபத்தினால் மாண்டவர் மீண்டு வரலாம். போரிலே கொல்லப்பட்டவர் மீளார். பல வாரங்கள் உழைத்து வளர்த்த பாத்திரம் ஒரு நொடியில் அழிந்தொழியும். அழியாது போதிய புள்ளிகளைச் சேர்த்தவரோ மந்திரவாதி என்னும் பதவி எய்தி, அந்நாட்டின் ஆட்சியிலே பங்கு பெறுவார். பிறப்பும் குலமும் மனிதனின் தகுதியைத் தீர்மானிக்கும் ஒரு சமூகத்தின்மேல் கொண்ட வெறுப்பே இவ்வமைப்புக்கு அடிப்படை எனப் பாட்டில் பின்னாளில் கூறியதுண்டு. முயற்சியைத் தவிர ஏறுதற்கு வேறு ஏணி அங்கு இருக்கவில்லை. விழுந்தவர் மீண்டும் முதற்படியிலிருந்தே ஏற வேண்டும்.

இவ்வகை ஆட்டங்களின் முன்னோரையும் ஒரு சொல்லால் குறிப்பிடல் தகும். 1974இல் அமெரிக்கரான கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது, சிலர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, தாளும் பகடையும் கொண்டு, வீரராகவும் மந்திரவாதியாகவும் நடித்தாடும் ஆட்டம். வேதாளமும் பறவை நாகமும் உலவும் அந்தக் கற்பனையைக் கணினியினுள் குடியேற்றியதே பின்வந்தோர் செய்த வேலை. பகடை உருட்டியவரின் இடத்தில் கணினி அமர்ந்தது.

சொற்களால் ஆன நாடு சித்திரங்களால் ஆன நாடாகிப் பல்லாயிரவரை ஈர்த்தது 1997ஆம் ஆண்டு செப்டெம்பரிலே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஒரிஜின் நிறுவனம் 'அல்டிமா ஒன்லைன்' என்னும் ஆட்டத்தை அப்போது வெளியிட்டது. அதன் தலைமைச் சிற்பியாகிய றிச்சேட் கரியற், ஆட்டத்தினுள்ளே 'லோட் பிரிட்டிஷ்' என்னும் மன்னராக முடிபுனைந்து உலாவினார். அம்மன்னரைச் சாவு தீண்டாது என்பது ஏற்பாடு. ஆயின் வெளியீட்டிற்கு முந்திய பரிசோதனைக் காலத்திலே, அவர் மக்களுக்குத் தரிசனமளித்துக் கொண்டிருந்த வேளையில், ஓர் ஆட்டக்காரர் தீ மூட்டும் மந்திரத்தை அவர்மீது ஏவினார். கணினி ஒருமுறை நின்று மீண்டும் இயங்கியபோது, மன்னருக்குரிய காப்பினை மறுபடியும் இட எவருக்கும் நினைவு வரவில்லை. மன்னர் மாண்டார்.

அந்நாட்டின் இயற்கையும் இவ்வாறே படைத்தோரை ஏமாற்றியது. புல்லை மான் உண்ணும். மானை ஓநாய் உண்ணும். மான் அருகினால் ஓநாய் ஊருக்குள் வரும். இப்படி ஓர் உயிர்ச் சங்கிலியை றாவ் கொஸ்டர் முதலிய வடிவமைப்பாளர் அரும்பாடுபட்டு அமைத்தனர். ஆட்டக்காரரோ கண்ணிற்பட்ட உயிர்கள் அனைத்தையும் பிறந்தவுடனேயே கொன்று தீர்த்தனர். சங்கிலி ஒருநாளும் ஓடவில்லை. ஈற்றில் அது கைவிடப்பட்டது.

விலங்கிற்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்தது. அல்டிமாவில் மாண்டவரின் பாத்திரம் எசெக்சிலே போல் அழிவதில்லை. அவர் சாம்பல் நிற உடை பூண்ட ஆவியாகி அலைவார். அவர் பேசுவது உயிரோடிருப்பவர் செவியில் வெறும் ஊளையாகவே விழும். வைத்தியரை அடைந்தால் மீண்டும் உயிர் பெறலாம். ஆயினும் அதற்கிடையில் அவருடைய வாளும் பொன்னும் பிணத்தோடு கிடக்கும். கொன்றவரே அவற்றைக் கவர்ந்து செல்வார். நகர எல்லைக்கு அப்பால், கொலையையே தொழிலாகக் கொண்டோர் பெருகினர். கொலைஞரின் பெயரைச் சிவப்பு எழுத்தாற் காட்டும் சட்டம் வந்தது. அதுவும் போதவில்லை. 2000ஆம் ஆண்டிலே நிறுவனம் விசித்திரமான ஒரு தீர்வைக் கண்டது: நாட்டையே இரட்டிப்பாக்கிற்று. மலையும் ஆறும் ஒன்றுபோலவே அமைந்த இரு நாடுகள். பெலூக்காவிலே கொலை நிகழலாம், திரம்மலிலே நிகழாது. குடிமக்களிற் பெரும்பாலோர் திரம்மலுக்குக் குடிபெயர்ந்தனர். அரசியல் நூலோர் ஏட்டளவில் வாதிட்டு வந்த சுதந்திரமா காவலா என்னும் வினாவிற்கு இத்துணைத் தெளிவாக மக்கள் கால்களால் விடையளித்த நிகழ்ச்சி அரிது. எனினும், அச்சம் நீங்கிய நாட்டிலே பழைய தோழமையும் நீங்கிவிட்டதாக நெடுங்காலம் ஏங்கியோரும் உளர்.

அதற்கு முந்திய ஆண்டில், 1999 மார்ச்சிலே வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' வேறு வழியிற் சென்றது. சிற்சில தனி அரங்குகளைத் தவிர, ஆட்டக்காரர் ஒருவரையொருவர் கொல்ல அங்கு இடமில்லை; பகையெல்லாம் அரக்கரோடுதான். ஆயினும் சாவு அங்கேயும் மலிவன்று. மாண்டவர் ஈட்டிய அனுபவத்தில் ஒரு பகுதியை இழப்பார். ஆயுதங்களோ அரக்கர் குகையிலே பிணத்தோடு கிடக்கும். அவற்றை மீட்கத் துணைவர் வேண்டும். தனித்தவன் அந்நாட்டில் வாழ்தல் அரிது. ஆதலின் உதவியும் நன்றியும் அங்கே செல்வமாயின. அதன் நோராத் என்னும் உலகத்தின் பொருளாதாரத்தை எட்வேட் கஸ்ட்ரோனோவா என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 2001இல் ஆராய்ந்து, அங்கு ஒருவரின் சராசரி உற்பத்தி ஆண்டொன்றுக்கு 2,266 டொலர் எனக் கணக்கிட்டார். உண்மையான நாடுகள் பலவற்றை விட உயர்ந்த தொகை அது.

சாவின் விலை ஓர் அரசையே கவிழ்க்க வல்லது என்பதற்குச் சான்று தென் கொரியாவிலே கிடைக்கின்றது. 2003இல் வெளிவந்த 'லினியேஜ் 2' என்னும் ஆட்டத்திலே கோட்டையைப் பிடித்த குழு, சூழவுள்ள ஊர்களில் வரி விதிக்கும் உரிமை பெறும். பாட்ஸ் என்னும் அரங்கில் ஒரு வலிய குழுவும் அதன் கூட்டாளிகளும் நல்ல வேட்டை நிலங்களைத் தமதாக்கி, மற்றவர் நுழைந்தால் கொன்றனர். வரியை நூற்றுக்கு 15 வீதமாக உயர்த்தினர். 2004இல் எதிர்க்குழுக்கள் கிளர்ந்தெழுந்தன. அப்போது எவரும் எதிர்பாராத படையொன்று வந்து சேர்ந்தது. வேறு அரங்குகளிலிருந்தும் வந்த ஆட்டக்காரர், அன்றைக்குப் பிறந்த வலுவற்ற பாத்திரங்களாகத் திரண்டனர். அவர்களது மலிவான உடையைக் கண்டு கொரியர் அதனை 'உள்ளாடைப் படை' என்றனர். கவசம் பூண்ட பிரபுவிற்குச் சாவு பெருநட்டம்; இவர்களுக்கோ இழப்பதற்கு யாதுமில்லை. ஒருவர் வீழ்ந்த இடத்தில் பலர் வந்து நின்று, உடலாலேயே வழியை அடைத்தனர். கோட்டைகள் வீழ்ந்தன. பின்னர் வென்றோர் கொள்ளைப் பங்கீட்டிலே தம்முட் பிணங்கினர். பழைய ஆட்சியாளர் மெல்லத் தலையெடுத்தனர். வரலாறு பயின்ற நேயருக்கு இவ்விரண்டாம் பகுதி வியப்பளிக்காது.

2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஒப் வோர்கிராப்ட்' சாவை மிகமிக மலிவாக்கியது. மாண்டவர் ஆவியாகச் சுடுகாட்டிலிருந்து ஓடித் தம் உடலை அடைந்தால் போதும். பொருள் எதுவும் போகாது, கவசத்தைச் செப்பனிடச் சிறுதொகை செலவாகும். தனித்து ஆடுவோரும் வாழ வழியிருந்தது. 2010இல் அதன் சந்தாதாரர் 1 கோடியே 20 இலட்சத்தைத் தாண்டினர். முந்திய நாடுகள் எவையும் இதன் அருகே நின்றதில்லை.

அம்மலிவுச் சாவும் ஒருமுறை அச்சந் தந்தது. 2005 செப்டெம்பரிலே, ஒரு குகைத் தெய்வம் தன்னோடு பொருவோர்மீது ஏவுவதற்கென அமைக்கப்பட்ட தொற்றுநோய், வளர்ப்பு விலங்குகள் வாயிலாகத் தலைநகரங்களிற் பரவிற்று. வலியோர் தாங்கினர், புதியோர் நொடியில் மாண்டனர். சிலர் முன்வந்து நோயாளரைக் குணப்படுத்த முயன்றனர். சிலர் நகரை விட்டு ஓடினர். சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்து சென்று பரப்பினர். நிறுவனம் விதித்த தடுப்புக்காவல் பயன்படவில்லை. தொற்றுநோய் ஆய்வாளர் 2007இல் மருத்துவ இதழ்களிலே இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தனர். மெய்யான கொள்ளைநோய்க் காலத்து மனித நடத்தைக்கு அதில் சாயல் கண்டனர்.

எளிமை ஆண்டுதோறும் கூடிற்று. கூடக்கூட, பழைய கடினத்தை வேண்டுவோர் குரலும் உயர்ந்தது. அனுமதியின்றிச் சிலர் நடத்திய பழைய பதிப்பொன்று 2016இல் நிறுவனத்தின் எதிர்ப்பால் மூடப்பட்டபோது இலட்சக்கணக்கானோர் முறையீட்டிலே கையொப்பமிட்டனர். 2019 ஓகஸ்டிலே நிறுவனமே பழைய உலகைத் திறந்தது. முதல் நாட்களில் நுழைவதற்கே மணிக்கணக்கிற் காத்திருந்தனர். உள்ளே, ஒரே அரக்கனைக் கொல்ல வேண்டிய பலர், எவரும் கட்டளையிடாமலே வரிசையில் நின்று முறை வரும்வரை பொறுத்திருந்தனர்.

2023 ஓகஸ்டில் மேலும் ஒரு படி ஏறி, ஒருமுறை மாண்டவர் மீளாத அரங்குகளை அந்நிறுவனம் நிறுவியது. எசெக்ஸ் மாணவரின் சட்டம், 45 ஆண்டுகளின் பின், விரும்பி வருவோருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. சிறு சலுகை ஒன்றுண்டு. அங்கே மாண்டவர் ஆவியாக வந்து தம் தோழரோடு உரையாடலாம். தாம் தலைவராயிருந்த குழுவின் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அவ்வரங்கிலே மீண்டும் வாளெடுக்க மட்டும் இயலாது.