சிறுநீரக நோய் விழிப்புணர்வு: தொலைதூரத் திக்லிபூரில் முன்கூட்டிய பரிசோதனை ஏன் இன்றியமையாதது?

திக்லிபூர்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வடகோடியில், சேடில் பீக் மலையின் அருகே அமைந்துள்ள ஊர் திக்லிபூர். நெல், பாக்கு, தென்னைச் சாகுபடியும் மீன்பிடித் தொழிலும் இப்பகுதி மக்களின் வாழ்வாதாரம். இங்கிருந்து தலைநகர் ஸ்ரீ விஜயபுரம் (முன்னாள் போர்ட் பிளேர்) சாலை வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். சிறுநீரக நோயைப் பொறுத்தவரை இந்தத் தொலைவே ஒரு நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடியது.

அந்தமான் நெடுஞ்சாலையில் ஜாராவா பழங்குடியினரின் காப்பகப் பகுதியை வாகனங்கள் குறிப்பிட்ட நேரங்களில், காவல் துறையின் பாதுகாப்புடன் அணியாகவே கடக்க வேண்டும். இடையே கடல் நீரிணையை வாகனப் படகில் தாண்ட வேண்டும். பயணம் ஏறத்தாழ ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும். தீவுகளின் முதன்மை மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ளது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இரத்த டயாலிசிஸ் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் தேவைப்படும். 300 கிலோமீட்டர் தொலைவை வாரத்துக்கு மூன்று முறை சென்று திரும்புவதென்றால் 1,800 கிலோமீட்டர். நடைமுறையில் இது இயலாது. மையத்துக்கு அருகே குடிபெயர்வதே வழி என்ற நிலை வரும்போது நிலம், தொழில், பிள்ளைகளின் படிப்பு அனைத்தும் பாதிக்கப்படும். எனவே நோய் அந்தக் கட்டத்தை எட்டாமல் தடுப்பதே இத்தகைய ஊர்களுக்கான முதல் சிகிச்சை ஆகும்.

ஓசையின்றி வளரும் நோய்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் எனப்படும் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை இவை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உடலால் உறிஞ்சப்பட, ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது.

வடிகட்டிகளில் ஒரு பகுதி பழுதடைந்தாலும் எஞ்சியவை கூடுதல் சுமையை ஏற்றுச் செயல்படுகின்றன. இதனால் நெடுங்காலம் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. முகம், கணுக்கால் வீக்கம், சிறுநீரில் நீங்காத நுரை, இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், பசியின்மை, தோல் அரிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை வெளிப்படும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

சிறுநீரகப் பாதிப்பு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படுகிறது. வடிகட்டும் திறனை அளவிடும் ஜி.எஃப்.ஆர். மதிப்பு 60-க்குக் கீழ் தொடர்ந்து இருந்தால் கவனம் தேவை. 15-க்குக் கீழ் சென்றால் அது ஐந்தாவது, இறுதிக் கட்டம். உலகில் சுமார் 85 கோடிப் பேர் ஏதேனும் ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வாழ்வதாக சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் மதிப்பிட்டுள்ளது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இதன் முதன்மைக் காரணங்கள்.

ஒரு நாள் நிகழ்வும் ஆண்டு முழுவதற்குமான பணியும்

சர்வதேச சிறுநீரகவியல் சங்கமும் சிறுநீரக அறக்கட்டளைகளின் சர்வதேசக் கூட்டமைப்பும் இணைந்து 2006-ஆம் ஆண்டு உலக சிறுநீரக தினத்தைத் தொடங்கின. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை இது கடைப்பிடிக்கப்படுகிறது. 'உங்கள் சிறுநீரகங்கள் நலமா?' என்பதே 2025-ஆம் ஆண்டின் மையக் கேள்வியாக முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, சிறுநீரக நலனை முன்னிறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது.

பேரணி, பதாகை, உறுதிமொழி ஆகியவை மக்களின் கவனத்தை ஈர்க்கும். ஆனால் அந்தக் கேள்விக்கான விடையைப் பரிசோதனை மட்டுமே தர இயலும். இரத்த அழுத்தம் அளத்தல், சிறுநீரில் புரதம் கசிகிறதா எனச் சோதனைப் பட்டை மூலம் பார்த்தல், இரத்தச் சர்க்கரை, இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஆகிய நான்கும் செலவு குறைந்தவை. இவற்றில் முதல் மூன்றையும் பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரப் பணியாளரே மேற்கொள்ள முடியும்.

வழிகாட்டும் சென்னை அனுபவம்

இது வெறும் எதிர்பார்ப்பு அல்ல என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உள்ளது. மூத்த சிறுநீரகவியல் நிபுணர் டாக்டர் எம்.கே. மணியின் வழிகாட்டுதலில் இயங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990-களில் சென்னையை அடுத்த கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா எனச் சோதித்தனர். இரத்த அழுத்தத்தை அளந்தனர். பாதிப்பு தெரிந்தவர்களை மருத்துவர் பரிசோதித்து, விலை குறைந்த மருந்துகளைத் தொடர்ந்து வழங்கினார்.

இதன் விளைவுகள் மருத்துவ ஆய்விதழில் வெளியாகின. சிகிச்சை பெற்ற உயர் இரத்த அழுத்த நோயாளிகளில் பெரும்பான்மையோருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. மொத்த மக்கள்தொகைக்கும் வகுத்துப் பார்த்தால், ஒரு நபருக்கு ஆண்டுக்குச் செலவானது கால் அமெரிக்க டாலரை ஒட்டிய தொகையே. பின்னர் புதிதாகச் சேர்க்கப்பட்ட கிராமங்களுடன் ஒப்பிட்டபோது, ஏற்கெனவே பணி நடந்த கிராமங்களில் சிறுநீரகச் செயற்குறைவு குறைவாகக் காணப்பட்டது. நவீன கருவிகளோ நிபுணர்களோ நாள்தோறும் இல்லாத இடத்திலும் தடுப்புப் பணி பலன் தரும் என்பதை இது உணர்த்தியது.

இதே துறையில் 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டேங்கர் அறக்கட்டளையும் விழிப்புணர்வு, பரிசோதனை முகாம், ஏழை நோயாளிகளுக்கான டயாலிசிஸ் எனப் பணியாற்றி வருகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு மற்றும் இரத்த அழுத்த மருந்துகளை இல்லங்களுக்கே கொண்டு சேர்க்கிறது.

திக்லிபூருக்குப் பொருந்துவது எது?

தேசிய அளவில், 30 வயதைக் கடந்தோருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனை செய்யும் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் நிலையங்களும் ஆஷா பணியாளர்களும் இதன் அடித்தளம். 2016-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் வழங்குகிறது. வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வயிற்றறை டயாலிசிஸுக்கான வழிகாட்டு நெறிகளும் பின்னர் வெளியாயின. தொலைதூர ஊர்களில் வாழ்வோருக்கு இம்முறை கூடுதல் பயன் தரக்கூடியது. எனினும் தூய்மை, பயிற்சி, தடையற்ற திரவப் பை விநியோகம் ஆகியவை அதற்கு அவசியம்.

மொழியும் முக்கியமானது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் திக்லிபூரில் மிகுதி. தீவுகள் முழுவதிலும் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு பேசுவோர் பரவலாக வாழ்கின்றனர். ஒரே மொழியில் அச்சிடப்பட்ட துண்டறிக்கை அனைவரையும் சென்றடையாது. ஊராட்சிக் கூட்டம், பள்ளி, மீன் சந்தை, மகளிர் சுய உதவிக் குழு ஆகியவற்றில் அவரவர் மொழியில் பேசுவதும், அதே இடத்தில் பரிசோதனை செய்வதும் பயனளிக்கும். பாதிப்பு கண்டறியப்பட்டவரின் பெயர் பதிவேட்டில் ஏறி, அவருக்கு மருந்து தொடர்ந்து கிடைப்பதை உறுதி செய்தால்தான் முகாம் நிறைவு பெறும்.

வயலில் உழைப்போரையும் முகாம்கள் விட்டுவிடலாகாது. இலங்கையின் வடமத்திய மாகாண நெல் விவசாயிகளிடையேயும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய் ஏற்படுகிறது. அதன் காரணம் இன்னும் முழுமையாக உறுதி செய்யப்படவில்லை. கடும் வெயிலில் நீரிழப்பு, குடிநீரின் தன்மை, வேளாண் இரசாயனங்கள் உள்ளிட்டவை ஆராயப்பட்டு வருகின்றன.

மக்கள் கவனிக்க வேண்டியவை

* நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

* உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

* உடல் வலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்ணும் வலி நிவாரணிகள் நாளடைவில் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். உட்பொருள் அறியப்படாத சூரணங்களையும் தவிர்க்க வேண்டும்.

* வெயிலில் உழைப்போர் போதிய தண்ணீர் அருந்த வேண்டும். ஆனால் நோய் முற்றியவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

* இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீரானதும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருந்தினால்தான் அவை சீராக உள்ளன.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குத் தீவுவாசிகள் கடல் கடந்து சென்னை போன்ற பெருநகரங்களுக்கு வர நேரிடுகிறது. இரத்த அழுத்தக் கருவியும் சோதனைப் பட்டையும் எதிர்த்திசையில் பயணித்து, ஒவ்வொரு குடியிருப்பையும் உரிய காலத்தில் அடைந்தால், அப்பயணத்தின் தேவையே பலருக்கு எழாமல் போகும்.