பிரெஞ்சுக் கொடியின்கீழ்த் தமிழர்: உரிமை வந்தது, மொழி அகன்றது

மலாக்கா மண்ணுக்கு அந்நிய ஆட்சி புதிதன்று. 1511இல் போர்த்துகீசியர், 1641இல் ஒல்லாந்தர், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி ஆங்கிலேயர் என மூன்று ஐரோப்பியக் கொடிகள் இங்கே ஏறி இறங்கின. பிரெஞ்சுக் கொடி இங்கே நிலைகொண்டதில்லை. ஆயினும் பிரெஞ்சுக் காலனியாட்சியின் வரலாறு, செர்காம், மெர்லிமாவ், ஜாசின் தோட்டப்புறங்களில் வேர்கொண்ட நமக்கு அயலார் கதையன்று. நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். அந்நகருக்கு அண்மையில் உள்ள காரைக்காலிலும், வடக்கே புதுச்சேரியிலும் வேறு தமிழர் கப்பலேறிப் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று பிரான்சு நாட்டின் முழுக் குடிமக்கள். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தமிழ் பேச வராது. நமக்கோ குடியுரிமை போராடிப் பெற வேண்டியதாயிற்று. தமிழ் மட்டும் நம்மோடு நிலைத்தது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே இப்பொழிவில் நாம் எழுப்பும் வினா.

கரும்புக்குச் சென்றோர்

பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை 1848இல் ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழியினர் பலர் தம்மை வதைத்த கரும்புத் தோட்டங்களுக்குத் திரும்ப விரும்பவில்லை. குறைந்த கூலிக்கு ஆள் தேடிய முதலாளிகளின் பார்வை இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளின்மேல் விழுந்தது. மேஸ்திரிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிவில் ஊர் திரும்ப இலவசப் பயணம் என்பது வாக்குறுதி.

இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவுக்கு 1828 முதலே இந்தியத் தொழிலாளர் சென்றனர். அட்லாண்டிக்கைக் கடந்து மார்த்தினிக் தீவை அடைந்த முதற்கப்பல் ‘ஒரேலி’. அது 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் கரைசேர்ந்தது. அதே கப்பல் அடுத்த ஆண்டு திசம்பரில் குவாதலூப் தீவுக்கும் தொழிலாளரை ஏற்றிச் சென்றது. 1861இல் ஏற்பட்ட ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கை, ஆங்கிலேயர் ஆண்ட இந்தியப் பகுதிகளிலும் ஆள் எடுக்க வழி திறந்தது. குவாதலூப் தீவுக்கு ஏறக்குறைய 42,000 பேரும், மார்த்தினிக் தீவுக்கு 25,000க்கும் மேற்பட்டோரும் சென்றனர். வட இந்தியரும் தெலுங்கரும் அவர்களிடையே இருந்தனர் எனினும் தமிழரே மிகுதி.

தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் குறித்து முறையீடுகள் பெருகின. ரியூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு 1882இலும், கரிபியப் பிரெஞ்சுத் தீவுகளுக்கு அனுப்புவதை 1888இலும் நிறுத்தியது. கொடுமைக்கு அது ஒரு தடையாயிற்று. ஆனால் தாயகத்திலிருந்து புதியவர்கள் வரும் வழியும் அன்றே அடைபட்டது. இதனை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

குடிமகனாவதற்குரிய விலை

ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் இனங்களைத் தனித்தனியே நிறுத்தி ஆண்டனர். பிரெஞ்சுக் குடியரசின் கொள்கை வேறு. பிரெஞ்சு மொழியையும் பிரெஞ்சுச் சட்டத்தையும் ஏற்பவன் பிரெஞ்சுக்காரனாகலாம் என்பது அதன் அழைப்பு. அவ்வழைப்பில் உண்மையும் இருந்தது; அதற்கொரு விலையும் இருந்தது.

புதுச்சேரியில் அதன் முகத்தைத் தெளிவாகக் காணலாம். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றமைக்காகத் தடுக்கப்பட்டார். இந்தியர் அவ்வாறு வருதல் முறையன்று என்பது நீதிமன்றத்தின் கருத்து. அவர் பாரிசு வரை முறையிட்டு வென்றார். 1881ஆம் ஆண்டு ஆணை ஒன்று, தம் சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க இந்தியருக்கு இடமளித்தது. அதனை முன்னின்று ஏற்ற பொன்னுத்தம்பியார் ‘லா போர்த்’ என்னும் குடும்பப் பெயரைச் சூடினார். ‘வாயில்’ என்பது அதன் பொருள். சாதியால் தாழ்த்தப்பட்ட பலருக்கு அது உண்மையிலேயே ஒரு வாயிலாயிற்று. அதனை இன்று எளிதாக இகழ்தல் நமக்குத் தகாது.

குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரம் வேறொரு வாயிலைத் தட்டினார். அத்தீவில் பிறந்த இந்தியர் வழியினர் வாக்காளராதல் கூடாது என்ற எதிர்ப்பு எழுந்தபோது, 1904இல் அவர் வழக்கில் இறங்கினார். அப்போராட்டம் 1923 வரை நீண்டு வெற்றியில் முடிந்தது. பின்னர், 1946ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் இயற்றிய சட்டத்தால் ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகியவை பிரான்சின் மாவட்டங்களாயின. வாக்குரிமை, கல்வி, மருத்துவம், ஓய்வூதியம் ஆகியவை படிப்படியாக வந்தன.

ஆனால் பள்ளியில் ஒலித்தது பிரெஞ்சு மட்டுமே. தோட்டத்திலும் தெருவிலும் ஒலித்தது கிரியோல். தமிழுக்கு ஓர் ஆசிரியரில்லை, ஓர் அச்சகமில்லை, ஏடில்லை. பேரன் பள்ளியிலிருந்து திரும்பியபோது பாட்டியின் மொழிக்கு வீட்டில் மட்டுமே இடமிருந்தது. பாட்டி மறைந்தபின் அவ்விடமும் இல்லாதொழிந்தது.

எஞ்சியவை

எல்லாம் அழியவில்லை என்பதும் வரலாறே. மாரியம்மனும் மதுரை வீரனும் நாகூர் ஆண்டவரும் தம் பெயரின் ஒலி திரிந்தும் குவாதலூப், மார்த்தினிக் வழிபாட்டில் வாழ்கின்றனர். ரியூனியனில் பாஞ்சாலிக்காகத் தீ மிதிக்கின்றனர். இராமசாமி, முத்துசாமி, வீரப்பிள்ளை போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிலைத்துள்ளன. முருங்கையும் மசாலாவும் அடுக்களையில் உண்டு. பூசாரி ஓதும் தமிழ்ச் சொற்களின் ஒலி தலைமுறை தாண்டி வந்துள்ளது. பொருள்தான் பலருக்குத் தெரிவதில்லை. சமயம் மொழியைக் காக்கும் என நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. சமயம் மொழியின் ஓசையைக் காக்கும். பேச்சைக் காக்க அதனால் மட்டும் இயலாது என்பதே அத்தீவுகள் தரும் சான்று.

பிரெஞ்சு ஆட்சியே தமிழை அழித்தது என முடிவுகட்டினால் அதுவும் பிழையாகும். அதே கொடி பறந்த புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 18ஆம் நூற்றாண்டில் தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். 1908 முதல் பத்தாண்டுகள் பாரதியார் அங்கே தங்கிப் பாடினார். பாரதிதாசன் அங்கே பிறந்தார். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தபோதும், 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி முழுமை பெற்றபோதும், அவ்வூரார் தமிழ் பேசுவோராகவே இருந்தனர். கொடி ஒன்றுதான், சுற்றிலும் தமிழ் நிலம் இருந்த இடத்தில் மொழி நிலைத்தது, கடலால் பிரிக்கப்பட்டுப் பள்ளியும் இல்லாத இடத்தில் மறைந்தது.

மலாக்காவில் காணும் சான்று

இதே பாடத்தை நம் மாநிலத்திலும் கற்கலாம். மலாக்கா செட்டிகள் சுல்தான்கள் காலத்திலேயே வணிகராக வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, இந்நாட்டாராகவே ஆனவர்கள். 1781இல் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் பொலிகிறது. காஜா பெராங்கில் மாரியம்மன் விழா ‘டத்தோ சாச்சார்’ என்னும் மலாய்ப் பெயரால் நடைபெறுகிறது. பொங்கலும் முன்னோர் படையலும் அவர்களிடம் குறைவற உண்டு. அவர்தம் வீட்டு மொழியோ மலாய். அது அவர்கள் குற்றமன்று. தாயகத் தொடர்பும் தமிழ்ப் பள்ளியும் வாய்க்காத சிறு சமூகம் வேறெவ்வாறு ஆகியிருக்கும்?

அவர்களுக்குப் பின் வந்த நம் தோட்டத்து முன்னோர்க்கு அவ்விரண்டும் வாய்த்தன. 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் இரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் ஊரும் உறவுமாக ஆட்கள் வந்தனர். 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை அவ்வரவு தொடர்ந்தது. மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அது தமிழ்ப் பற்றால் விளைந்ததன்று. குடும்பங்கள் தோட்டத்தை விட்டு அகலாதிருக்கவும், பிள்ளைகள் நாளை பால்மரம் சீவவும் அப்பள்ளி போதும் என்பது துரைமார் கணக்கு. கொட்டகையில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகள் அவை.

அக்கொட்டகையை மொழியின் கோட்டையாக மாற்றியது சமூகமே. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளைக் கைவிடப் பரிந்துரைத்தபோது எதிர்ப்பு எழுந்தது. 1956இல் ரசாக் அறிக்கை தொடக்கநிலையில் தமிழ்ப் பள்ளிக்குத் தேசியக் கல்வி முறையில் இடம் தந்தது. கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’, தமிழர் திருநாள், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்கென அவர் திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி ஆகியவை ஒரே முயற்சியின் கிளைகள்.

நம் முன் நிற்பது

இரு பேரரசுகளும் தமிழரைக் கூலிக்காகவே கடல் கடத்தின. ஒன்று பின்னாளில் குடிமை தந்து மொழியைத் தன் பள்ளியால் கரைத்தது. மற்றொன்று உரிமை தராது ஒதுக்கி வைத்தது. அவ்வொதுக்கலில் மொழி தங்கியது. எது மேல் என நாம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. உரிமையும் மொழியும் ஒன்றுக்கொன்று விலையாகும் நிலை ஆட்சியாளர் அமைத்தது. அதனை இயற்கை விதியென நாம் ஏற்க வேண்டியதில்லை.

இன்று ரியூனியனில் இளைஞர் சிலர், மறைந்த மொழியை எழுத்துக்கூட்டித் தொடங்கி மீண்டும் கற்கின்றனர். அவர்கள் உழைப்பு போற்றத்தக்கது. அது எவ்வளவு கடினம் என்பதையும் அது நமக்குக் காட்டுகிறது. இங்கோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதியும் வந்தன; குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. 150 மாணவர்க்குக் குறைந்த தமிழ்ப் பள்ளிகள் நாட்டில் பலவாகிவிட்டன. தோட்டம் நமக்கு அறியாமல் தந்த இரண்டு அரண்களில் ஒன்றாகிய செறிவான குடியிருப்பு இப்போது இல்லை. மற்றொன்றாகிய பள்ளி இன்னும் இருக்கிறது.

அப்பள்ளியை மூட இன்று எந்தத் துரையும் வர வேண்டியதில்லை. சனவரியோ மார்ச்சோ, முதலாம் ஆண்டுப் பதிவேட்டில் பெயர் எழுதப்படாத பிள்ளைகளின் எண்ணிக்கையே அதற்குப் போதும். தீவுத் தமிழர்க்கு அத்தகைய பதிவேடு ஒன்று இருந்ததேயில்லை. நமக்கு இருக்கிறது.