கோடரி விழுந்த கதவு

பாரிஸில் லாச்சப்பல் என்றால் நம்மவர்களுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும் கடைத்தெரு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது சேன் பெர்னார் தேவாலயம். 1996 ஆகஸ்ட் 23 காலையில் அதன் கதவைப் போலீஸ் கோடரியால் பிளந்தது.

உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் மாலி, செனகல் நாட்டுக்காரர்கள். குழந்தை குட்டிகளோடு இருந்தார்கள். திருடவும் இல்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. கையில் குடியிருப்பு அனுமதி இல்லை, அவ்வளவுதான். அதிலும் பலர் முறையாக வந்து இறங்கியவர்கள். பின்னால் வந்த சட்டங்கள் அவர்களைக் குற்றவாளி ஆக்கின. 1993-ல் உள்துறை அமைச்சர் பாஸ்குவா கொண்டுவந்த சட்டங்களுக்குப் பிறகு இந்தக் கொடுமை முற்றியது. பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பெற்றோரை நாடு கடத்த முடியவில்லை. அதே பெற்றோருக்கு அனுமதியும் கிடைக்கவில்லை. எத்தனை நாள்தான் அப்படி வாழ்வது?

1996 மார்ச் 18 அன்று சுமார் 300 பேர் சேன் அம்ப்ரூவாஸ் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். நான்கே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு உடற்பயிற்சிக் கூடம், நாடகக் கொட்டகை, பழைய ரயில்வே கிடங்கு என்று அலைந்து, ஜூன் 28-ல் சேன் பெர்னாருக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுக்காகப் பேசியவர்களில் ஒருவர் மஜிகென் சிசே. செனகல் பெண்மணி, ஜெர்மன் மொழி ஆசிரியை. ஊரெல்லாம் இவர்களைக் ‘கள்ளத்தனமாக ஒளிந்திருப்பவர்கள்’ என்றது. இவர்களோ முகத்தை மறைக்காமல் வெளியே வந்து, தங்களைச் ‘சான் பாப்பியே’ என்றார்கள். அதாவது, காகிதம் இல்லாதவர்கள். அந்தப் பெயரைப் பிரான்ஸ் முழுக்கச் சொல்ல வைத்தது இந்தப் போராட்டத்தின் முதல் வெற்றி என்றே சொல்ல வேண்டும்.

பத்துப் பேர் ஜூலை 5-ல் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கோடரி விழுந்தது 50-வது நாளில். நடிகை எமானுவேல் பேயார் உட்பட ஆதரவாளர்கள் பலர் உள்ளே கூடவே இருந்தார்கள். சுமார் 1,500 போலீஸார் வந்தார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள். வாசலில் வைத்து வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். தோலைப் பார்த்துக் காகிதம் உண்டா இல்லையா என்று முடிவு செய்த அந்தக் காட்சி பிரான்சையே உலுக்கியது.

அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. புதிய பிரதமர் ஜோஸ்பானின் அரசு ஜூன் 24 அன்று, காகிதம் இல்லாதவர்கள் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. விண்ணப்பித்தவர்களில் சுமார் 80,000 பேருக்கு அனுமதி கிடைத்தது. மற்றவர்கள்? நம்பிக்கையோடு தாங்களே எழுதிக்கொடுத்த பெயரும் வீட்டு முகவரியும் அரசு அலுவலகத்தில் அப்படியே இருந்தன.