பட்டப்பெயரும் பதிலும்

சபரகமுவா மாகாணத்துக் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம் உண்டு. தமிழ்த் தொழிலாளர் அதனை உருளவள்ளி என வழங்குவர். காணியற்ற கிராமவாசிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. லயங்களில் வாழ்ந்தோர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். 1946ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்கட்கு ஆதரவாகப் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது.

பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு எங்கே செல்வது என்பது தொழிலாளியின் வினா. கிராமவாசிக்கும் ஒரு வினா இருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டத்தால் மூதாதையர் ஆண்ட காட்டையும் சேனையையும் இழந்த அவன், தனக்கு நிலம் எப்போது என்று கேட்டான். இரண்டும் நியாயமானவையே. ஆயினும் மேடைகளில் முன்னவன் ‘இந்தியன்’ ஆனான்; அதுவும் போதாதவிடத்துக் ‘கள்ளத்தோணி’ ஆனான். பின்னவனுக்காகப் பேசியவர் ‘வகுப்புவாதி’ ஆயினர். இந்த இரைச்சலில், கம்பெனிகளின் கையிலிருந்த பரந்த நிலத்தைப் பற்றிய கேள்வி மெலிந்து போயிற்று.

1948இல் பிரஜாவுரிமை மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதே கேகாலைப் பகுதியின் ருவான்வெல்லைப் பிரதிநிதி கலாநிதி என். எம். பெரேரா அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஹிட்லரின் இனவாதத்தோடு அதனை ஒப்பிட்டார். அதுவும் ஒரு பட்டப்பெயரே. அதைக் கேட்டுச் சினந்தவர்கள் அவருடைய ஏனைய நியாயங்களுக்குச் செவிகொடுத்திருப்பார்களா என்பது ஐயம். இடதுசாரிகளோ ‘தோட்ட வாக்கு நாடுவோர்’ எனப்பட்டனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகட்கு உதவியது மெய்தான். ஆனால் பயன் கருதி ஒருவன் சொன்னான் என்பதனாலேயே சொன்னது பொய்யாகிவிடுமோ?

இரு தரத்தாரின் பட்டப்பெயர்களையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது. ஹிட்லர் என்ற வசை சபையோடு நின்றது. ‘இந்தியன்’ என்ற சொல்லோ சட்டமாகியது. 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிரஜாவுரிமையற்றோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அப்போதைய நிதி அமைச்சர் என். எம். பெரேரா என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

நாடற்று எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டில் பிரஜாவுரிமை வழங்கச் சட்டம் பிறந்தது. ஆயினும் 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டிலும், இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பல தலைமுறையாகப் பிறந்து வாழ்வோர் ‘இந்தியத் தமிழர்’ என்ற நிரலிலேயே எழுதப்பட்டனர்.