அடுப்படிக்கு வாடகை: மதீனா முதல் கெய்ரோ வரை



வீட்டில் சமைத்து விற்றுவந்த சகோதரி ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். ஆர்டர்கள் பெருகிவிட்டதால், பெரிய அடுப்பும் புகைபோக்கியும் அமைந்த சமையற்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுக்க எண்ணியிருக்கிறார். உரிமையாளர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறாராம். "ஹஜ்ரத், ரமழானில் பகல் வியாபாரம் இராதே, அம்மாதத்திற்கும் முழு வாடகை கொடுக்கத்தான் வேண்டுமா? நடுவில் கைப்பொருள் தீர்ந்துபோனால் விலகிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். இவ்விரு கேள்விகளுக்கும் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கென ஒரு சந்தைத் திடலை ஒதுக்கியபோது, அங்கு விற்போரிடம் எவ்விதக் கட்டணமும் வாங்கலாகாது என்று அறிவித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அங்கே கட்டடம் இல்லை. காலையில் முதலில் வந்து அமர்ந்தவருக்கே அன்றைய இடம் உரியது. உமர் (ரலி) அவர்களும் அந்நெறியையே பேணினார்கள். பேரீச்சம்பழம் விற்றவருக்கும் ரொட்டி விற்றவருக்கும் இடச்செலவு என்பதே இல்லை.

இந்நிலை நீடிக்கவில்லை. உமையா கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் அதே திடலின்மீது பெரிய கட்டடம் எழுப்பப்பட்டு, கடைகள் வாடகைக்கு விடப்பட்டன. 743-இல் ஹிஷாம் இறந்த செய்தி எட்டியதும் மதீனாவாசிகள் அதனை இடித்துத் தள்ளினர் என்று மதீனாவின் வரலாற்றாசிரியர் சம்ஹூதி பதிவு செய்துள்ளார். வாடகையைப் பற்றி மக்கள் என்ன எண்ணினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் பெருநகரங்களில் திடல் போதாது. அடுப்புக்குச் சுவர் வேண்டும். புகைக்கு வழி வேண்டும். 1047-இல் எகிப்தை அடைந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், கெய்ரோவில் இருபதாயிரம் கடைகளுக்குக் குறையாமல் இருக்கும் என்று மதிப்பிட்டார். அவை அனைத்தும் ஃபாத்திமி சுல்தானுக்கே சொந்தம் என்றும், எதன் மாத வாடகையும் இரண்டு தீனாருக்குக் குறையவில்லை, பல கடைகளுக்குப் பத்துத் தீனார் என்றும் எழுதினார். அக்காலத்து எகிப்தில் எளிய குடும்பம் ஒன்று ஒரு மாதம் வாழ ஏறத்தாழ இரண்டு தீனார் போதும் என்பது, கெய்ரோ கெனிஸா ஆவணங்களை ஆராய்ந்த கொய்டைனின் கணிப்பு. அப்படியெனில், ஒரு வீட்டின் மாதச் செலவு முழுவதையும் சுல்தானுக்குக் கொடுத்த பிறகே கடைக்காரர் தம் பிள்ளைகளுக்குச் சோறு தேட வேண்டியிருந்தது. விறகு அரிதான நாடு என்பதால் மக்கள் பலர் சமைத்த உணவையே கடைத்தெருவில் வாங்கினர். வியாபாரம் இருந்தது உண்மைதான்.

வாடகையோடு செலவு முடியவுமில்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய முஹ்தஸிப் கையேடு, ரொட்டி சுடும் இடத்தின் கூரை உயர்ந்திருக்க வேண்டும், புகை வெளியேற அகன்ற திறப்புகள் வேண்டும் என்கிறது. மாவு பிசைபவரின் வியர்வை விழாதிருக்க நெற்றியில் துணி கட்ட வேண்டும். பகலில் ஈ ஓட்டுவதற்கென்றே ஓர் ஆள் நிற்க வேண்டும். ஹரீஸா சமைப்போரின் அண்டாக்களில் இறைச்சி இட்டபின் இரவில் முத்திரை வைத்து, விடியலில் முஹ்தஸிபின் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். (நம் ஹலீம் அண்டாக்களுக்கும் இது வேண்டியிருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும்!) இவ்வளவும் வாடகைக்கு எடுத்தவரின் தலையிலேயே விழுந்தது.

அந்த வாடகை எங்கே போயிற்று என்று கேட்டால், நாம் சற்றுத் தலைகுனிய நேரிடும். மம்லூக் காலக் கெய்ரோவில் மத்ரஸாக்களின் கீழ்த்தளத்திலேயே கடைகள் அமைந்தன. சுல்தான் அல்கூரி எழுப்பிய வளாகத்தில் இன்றும் அவற்றைக் காணலாம். வக்ஃபுக் கடைகளின் வாடகை கீழே வசூலாக, மேலே ஆசிரியருக்கு ஊதியம் கிடைத்தது. இவ்வரிகளை எழுதும் நம் ஊதியத்திலும் பள்ளிவாசல் கடைகளின் வாடகை கலந்திருக்கிறது. வக்ஃபுச் சொத்தைச் சந்தை வாடகைக்குக் குறைத்து விடலாகாது என்பது ஃபிக்ஹு. அதனைச் சொல்லிக்கொடுப்பவரும் நாமே. ஆனால் கடைகளையும் வீடுகளையும் ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விட வேண்டாம் என்று அதே ஹனஃபி நூல்கள் கூறுவதைப் பலரும் நினைவுபடுத்துவதில்லை.

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். வாடகை, விற்பனைக்கு ஈடன்று. இடம் பயன்படுத்தத் தக்கதாக அவர் கையில் இருப்பதற்கு ஈடு. ஆகவே ரமழானுக்கும் முழு வாடகை உண்டு. ஆனால் தண்ணீர் நின்றுபோன ஆலைக்கு அந்நாட்களுக்கு வாடகை இல்லை என்பது போல, புகைபோக்கி பழுதாகி அடுப்பே எரிக்க முடியாத நாட்களுக்கு உரிமையாளர் கேட்க இயலாது.

இரண்டாவது கேள்வி கடினமானது. நாஸிர் குஸ்ரவ் கெய்ரோ வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் பக்தாதில் மறைந்த இமாம் குதூரி, சந்தையில் வியாபாரத்திற்குக் கடை எடுத்தவரின் முதல் அழிந்துவிட்டால் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறார். ஷாஃபிஈ மத்ஹபில் அந்தச் சலுகை இல்லை. முதல் அழிந்தது அவருடைய துன்பம், இடம் பழுதாகவில்லை என்பது அவர்கள் வாதம். சகோதரியின் குடும்பமோ கடற்கரை ஊரைச் சேர்ந்த ஷாஃபிஈ குடும்பம்.

எனவே ஆண்டுக்கணக்கில் எழுதாமல், மாதந்தோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தமாகக் கேட்டுப் பார்க்கும்படியும், பழுதான நாட்களுக்கு வாடகை இல்லை என்பதை எழுத்தில் வாங்கும்படியும் சொன்னோம். உரிமையாளர் முன்பணத்தை ஆறு மாதமாகக் குறைத்தாராம். மாத ஒப்பந்தத்திற்கு இன்னும் இசையவில்லை. சகோதரி இப்போதும் வீட்டு அடுப்பிலேயே சமைத்து வருகிறார்.