நிறுவியோர் நோக்கமும் பயின்றோர் பணியும்: சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியின் வரலாறு குறித்த ஒரு பார்வை

முன்னுரை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறாகவும் முதல்வர்களின் பெயர்ப் பட்டியலாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்லூரியை நிறுவியவர்கள் அதற்கு வகுத்த நோக்கம் யாது, அங்குப் பயின்று வெளியேறியவர்கள் அந்நோக்கத்தை எங்ஙனம் தமதாக்கிக் கொண்டனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலாங்கூர் எல்லையை ஒட்டிய தஞ்சோங் மாலிம் நகரில் 1922ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலாய்மொழிக் கல்விக்கென எழுந்த இந்நிறுவனத்தின் வரலாற்றில் மலேசியத் தமிழ்க்கல்வி உற்றுநோக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன என்பது எமது கருத்து.

கல்லூரியின் தோற்றம்

மலாய் ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியளிக்கும் முயற்சி 1878ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரின் தெலுக் பெலாங்காவில் தொடங்கிவிட்டது. அக்கல்லூரி 1895இல் மூடப்பட்டது. பின்னர் 1900இல் மலாக்காவிலும் 1913இல் தைப்பிங்கிற்கு அருகிலுள்ள மாத்தாங்கிலும் பயிற்சிக் கல்லூரிகள் அமைந்தன. இவ்விரண்டையும் ஒருங்கிணைத்து, தீவக நடுவே ஒரே பெருங்கல்லூரியை அமைக்க வேண்டும் என்னும் திட்டத்தின் விளைவே தஞ்சோங் மாலிம் கல்லூரி. 1916இல் மறைந்த பேராக் சுல்தான் இட்ரிஸ் அவர்களின் நினைவாக அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. மலாக்காக் கல்லூரியின் தலைவராக இருந்த ஓ. தி. டசெக் புதிய கல்லூரியின் முதல்வராகி, 1936 வரை அப்பொறுப்பை வகித்தார்.

இத்திட்டத்தின் மூலவர் மலாய்ப் பள்ளிகளுக்குப் பொறுப்பான உதவிக் கல்வி இயக்குநர் ரிச்சர்ட் வின்ஸ்டெட். 1916இல் ஜாவாவிற்கும் பிலிப்பைன்சிற்கும் சென்று அங்குள்ள தாய்மொழிக் கல்வியையும் தொழிற்கல்வியையும் கண்டறிந்த அவர், மறு ஆண்டில் தம் அறிக்கையை அளித்தார். கூடை முடைதல் முதலிய கைத்தொழில்களும் தோட்டக்கலையும் மலாய்க் கல்வியில் முதன்மை பெற்றது அவ்வறிக்கையின் வழியேதான். மீனவர் மகனையும் உழவர் மகனையும் தந்தையினும் சற்றுத் தேர்ந்த மீனவனாகவும் உழவனாகவும் ஆக்கினால் போதும் என்பதே அக்காலக் குடியேற்ற ஆட்சியாளரின் கல்விக் கொள்கை. கம்பத்துப் பிள்ளை கம்பத்திலேயே நிலைபெற வேண்டும். அவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியரும் அவ்வாழ்வை விட்டு விலகாதவராதல் வேண்டும். கல்லூரியை நிறுவியோர் வகுத்த பணி இதுவே.

நோக்கத்தை மீறிய விளைவுகள்

ஆயினும், அந்நோக்கத்திற்குள் அடங்காத விளைவுகளுக்குக் கல்லூரியின் அமைப்பிலேயே இடம் இருந்தது. அவற்றுள் மூன்றை இங்கு எடுத்துரைப்போம்.

முதலாவது, கல்லூரியின் உறைவிடத் தன்மை. மலாய் மாநிலங்கள் அனைத்திலிருந்தும் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். புருணை, சரவாக் ஆகிய பகுதிகளிலிருந்தும் சிலர் வந்து சேர்ந்தனர். தம்மைப் பேராக்கியர் என்றும் கிளந்தானியர் என்றும் கருதி வந்த இளைஞர்கள், மூன்றாண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தபின் தம்மை மலாய் இனத்தவராக உணரத் தலைப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உயர்குடியினர் அல்லர். சிற்றூர்களின் எளிய குடும்பங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவர்கள்.

இரண்டாவது, 1924இல் கல்லூரியில் அமைந்த மொழிபெயர்ப்பு அலுவலகம். டச்சு ஆட்சியின்கீழ் இயங்கிய பாலாய் புஸ்தாகா என்னும் பதிப்பகத்தை முன்மாதிரியாகக் கொண்ட இவ்வலுவலகத்திற்குத் தலைமை மொழிபெயர்ப்பாளராக வந்தவர், 'ஸஅபா' என அறியப்பட்ட ஸைனல் அபிடின் அகமது. பாடநூல் வரிசை ஒன்றும் இல்ல நூலக வரிசை ஒன்றும் இங்கிருந்து வெளிவந்தன. ரோமன் எழுத்தில் மலாயை எழுத ஸஅபா வகுத்த முறை, 1972இல் புதிய எழுத்துமுறை அறிமுகமாகும் வரை பள்ளிகளில் நிலைத்தது. அவரது 'பெலித்தா பஹாசா மெலாயு' இலக்கண நூல் மலாய் இலக்கணக் கல்விக்கு அடித்தளமாயிற்று. ஆசிரியர்களைப் பயிற்றுவித்த இடத்திலேயே அவர்கள் கற்பிக்க வேண்டிய நூல்களும் உருவாயின என்பது இங்குக் கருதத்தக்கது.

மூன்றாவது, வரலாற்றுப் பாடம். கல்லூரி ஆசிரியர் அப்துல் ஹாடி ஹாஜி ஹசான் எழுதிய 'செஜாரா ஆலாம் மெலாயு' நூலின் முதல் தொகுதி 1925இல் வெளிவந்தது. பிற்காலத் தொகுதிகளைப் புயோங் ஆடில் எழுதினார். மாநில எல்லைகளையும் ஆங்கிலேய, டச்சு ஆட்சிகளின் எல்லைகளையும் கடந்து, தீவுக்கூட்டம் முழுவதையும் ஒரே மலாய் உலகமாக நோக்கிய நூல் அது. இதனைப் பயின்ற மாணவர் தம் கம்பத்திற்கு அப்பாலும் தமக்கு ஓர் உலகு உண்டெனக் கண்டனர்.

இவ்விளைவுகளின் பயனாகக் கல்லூரி ஒரு புதிய அறிவாளர் குழுவைத் தோற்றுவித்தது. இங்குப் பயின்று இங்கேயே ஆசிரியரான ஹருன் அமினுர்ரஷிட், தேசிய உணர்வை வளர்க்கிறார் என்னும் ஐயத்தின் பேரில் 1939இல் புருணைக்கு மாற்றப்பட்டார். பின்னாளில் 'பங்லிமா அவாங்' முதலிய வரலாற்றுப் புதினங்களால் புகழ்பெற்றார். மற்றொரு மாணவரான இப்ராஹிம் யாக்கோப் 1938இல் தோன்றிய இளம் மலாயர் சங்கத்தின் தலைவரானார். மலாய்த் தேசியத்தின் தோற்றம் குறித்து 1967இல் நூல் வெளியிட்ட வில்லியம் ராஃப், அரபுக் கல்வி பெற்றோர், ஆங்கிலக் கல்வி பெற்றோர் ஆகியோரோடு மலாய்க் கல்வி பெற்றோரையும் ஒரு தனித்த தலைமைக் குழுவாக இனங்கண்டார். அக்குழுவின் நாற்றங்காலாக விளங்கியது தஞ்சோங் மாலிம் என்பதில் ஐயமில்லை. சிறந்த உழவனை உருவாக்க அனுப்பப்பட்ட ஆசிரியர், சிந்திக்கும் குடிமகனை உருவாக்கத் தொடங்கினார்.

தமிழ்க்கல்வியோடு ஓர் ஒப்பீடு

இதே காலப்பகுதியில் மலாயாத் தமிழ்ப்பள்ளிகளின் நிலை யாது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. பள்ளிகள் எழுந்தன, ஆனால் அவற்றில் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர் இல்லை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ, ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ அப்பணியைச் செய்தார். பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன. தமிழ் ஆசிரியர்க்குப் பிற்காலத்தில் கிடைத்த பயிற்சியும் பகுதிநேர வகுப்புகளாகவே இருந்தது. தஞ்சோங் மாலிமைப் போன்ற முழுநேர உறைவிடக் கல்லூரி ஒன்று குடியேற்ற ஆட்சிக்காலத்தில் தமிழுக்கு வாய்க்கவில்லை.

இவ்விழப்பை ஆசிரியர்களின் தகுதிக் குறைவு என்னும் அளவில் மட்டும் மதிப்பிடுதல் போதாது. பல தோட்டங்களின் இளைஞர் ஒன்றுகூடித் தம்மை ஒரு சமூகமாக உணரும் களம் இல்லாமற் போயிற்று. இம்மண்ணின் வாழ்வை உள்ளடக்கிய பாடநூல்களை எழுதும் பணியகம் இல்லாமற் போயிற்று. மலாயாத் தமிழரின் வரலாற்றை அவர்தம் மொழியிலேயே எழுதிக் கற்பிக்கும் ஆசிரியர் மரபும் உரிய காலத்தில் உருவாகவில்லை.

இவ்வெற்றிடத்தின் ஒரு பகுதியை நாளிதழ்கள் நிரப்பின. மொழிபெயர்ப்பு அலுவலகம் அமைந்த அதே 1924ஆம் ஆண்டில்தான் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது. 1950ஆம் ஆண்டையொட்டி அவ்விதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' எழுத்தாளர் பலரை உருவாக்கியது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியே 1952இல் தொடங்கிய மாணவர் மணிமன்றமும் அத்தகையதே. ஓர் இனத்திற்குக் கல்லூரி செய்த பணியை மற்றோர் இனத்திற்கு நாளேட்டின் பக்கங்கள் செய்தன எனலாம். அப்பணி போற்றுதற்குரியது. எனினும், அரசின் நிதியும் நிலையான இடமும் மூன்றாண்டுக் கூட்டு வாழ்வும் தரும் பயனை வாரந்தோறும் வெளிவரும் ஒரு பக்கம் முழுமையாகத் தந்துவிட இயலாது.

முடிவுரை

சுல்தான் இட்ரிஸ் கல்லூரி 1957இல் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியெனப் பெயர் மாற்றம் பெற்றது. 1987இல் கல்விக்கழகமாகவும் 1997இல் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. அதன் பழைய முதன்மைக் கட்டடமான 'சுலோ புடிமான்', தேசியக் கல்வி அருங்காட்சியகமாக விளங்குகிறது. அறிவாளர்தம் தீப்பந்தம் என்பது அப்பெயரின் பொருள். கைத்தொழிலும் தோட்டக்கலையும் கற்பிக்க எழுந்த அந்நிறுவனம், இன்று தமிழாசிரியர்க்கும் பட்டக்கல்வி வழங்குகிறது. அன்று நமக்கு வாய்க்காத களம் இன்று அதே ஊரில் வாய்த்திருக்கிறது.

ஆகவே, தமிழாசிரியர் கல்வியில் ஈடுபட்டுள்ள நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பாடத்திட்டத்தை நிறைவேற்றும் திறனையும் சான்றிதழையும் மட்டும் நம் மாணவர்க்கு அளித்து அனுப்பினால், 1922ஆம் ஆண்டின் நிறுவனர்கள் விரும்பிய பணியையே நாம் செய்தவர்களாவோம். சிறுவர் நூல் எழுதவும், தாம் பணியாற்றும் வட்டாரத்தின் வரலாற்றைத் தொகுக்கவும், பாடநூலைக் கேள்வி கேட்கவும் வல்ல ஆசிரியரை உருவாக்கினால், ஸஅபாவும் அப்துல் ஹாடியும் ஆற்றிய பணி நம் மொழியிலும் தொடரும். பயிற்சிக் கல்லூரியின் பணி யாதென்பதை ஆணைகளும் அறிக்கைகளும் ஓரளவே தீர்மானிக்கின்றன. எஞ்சியதை வகுப்பறையில் நிற்பவரும் அமர்ந்திருப்பவருமே தீர்மானிக்கின்றனர். தஞ்சோங் மாலிம் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.